அரிசி ரோடு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் அது காஞ்சிபுரம் ரோடு. அதே ரோட்டில் பஸ் ஏறிக் காஞ்சிபுரத்தில் இறங்கிக் கேட்டால் உத்திரமேரூர் ரோடு. நடுவில் மாகறலில் இருப்பவர்களுக்கு, எந்தப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்களோ அந்தப் பெயர். பச்சை பூசிய மைல்கல்லில் அரசாங்கம் அதற்கு ஓர் எண் எழுதி வைத்திருந்தது. அந்த எண்ணைச் சொல்லி யாரும் வழி விசாரித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து எங்கள் குடியிருப்புக்கு வருகிற ரோட்டுக்கும் இரண்டு பெயர் உண்டு. பலகையில் எழுதியிருப்பது ஒரு பெரிய தலைவரின் பெயர். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அந்த ரோட்டின் பெயர் அரிசி ரோடு. அதற்கு மண் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை.

ஊர் ஏரிக்கு இந்தப் பக்கம், நாங்கள் அந்தப் பக்கம். ரோடு வருவதற்கு முன்னால் எங்களுக்கு வரப்புதான் வழி. ஐப்பசி மழை பிடித்தால் தை வரைக்கும் சேறு. பள்ளிக்கூடம் போகிற நாட்களில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பு பெரிய ரோட்டில் சேருகிற கூட்ரோடு வரைக்கும் வருவேன். அங்கே டீக்கடைக்கு எதிரில் இருந்த அடிபம்பில் காலைக் கழுவிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். கால் கழுவாமல் ஏறினால் கண்டக்டர் திட்டுவார். கூட்ரோட்டுக்கு அப்போது பெயர் கிடையாது. பஸ் நிற்கிற இடமும் இல்லை. ஊர் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வேகம் குறையும்போது கெஞ்சி இறங்கிக்கொள்வோம்.

என் அண்ணி இந்த வரப்பில் நடந்துதான் மருமகளாக வந்தாள். செய்யாற்றங்கரைக்காரி. அவள் வீட்டார் சம்பந்தம் பேச வந்தது கோடையில். கல்யாணம் நடந்தது மழையில். கூறைப்புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் என் தோளுமாக வந்தவள், வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற எங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

"காலுக்குத் தண்ணி குடுங்க அத்தே. அப்பறம் ஆரத்தி எடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத் தறிக்கூடத்தில் வேலை செய்தான். தினமும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த வரப்பைக் கடந்துதான் போய் வந்தான். அவனுக்கு அது பழகிவிட்டிருந்தது. அண்ணிக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி வெடித்துக் கிடந்தது. நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்போதுதான் அரசாங்க வேலை ஒன்று வந்தது. ஏரியில் மண் வெட்டி, கூட்ரோட்டிலிருந்து எங்கள் பக்கத்துக்கு ரோடு போட வேண்டும். கூலியாக அரிசி. திட்டத்துக்கு நீளமாக ஓர் இந்திப் பெயர் இருந்தது. வேலை பார்க்க வந்த ஓவர்சீயரே அதை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். நாங்கள் "அரிசி வேலை" என்றோம்.

ஆண்கள் மம்மட்டி பிடித்து வெட்டுவார்கள், அம்மா, அண்ணி, நான் என்று பெண்கள் கூடையில் சுமப்போம். ஏரி மண் காய்ந்து கட்டிகட்டியாக இருக்கும். சும்மாடு வழியாகவும் அதன் முனை தலையில் குத்தும். முதல் வாரம் நான் தினமும் அழுதேன். கூடை மறைத்துக்கொள்ளும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அண்ணிக்கு மட்டும் தெரிந்தது. அவள் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நடந்துகொண்டே, "இதுல உங்கண்ணன் சைக்கிள் வுடுவாரு பாப்பா. நான் பின்னாடி குந்திக்கினு வருவேன், பாரு" என்றாள். அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரோடு வளர்ந்தது. வரப்பில் ஒற்றையடியாக இருந்த இடத்தில், மாட்டுவண்டி இரண்டு ஒதுங்கிப் போகிற அகலத்துக்கு மண் உயர்ந்தது. அதன்மேல் டிராக்டரில் செம்மண் கிராவல் கொண்டுவந்து கொட்டினார்கள். மாலையில் வேலை முடிந்த பிறகும் நாங்கள் உடனே வீட்டுக்குப் போகமாட்டோம். சும்மா அதில் நடந்து பார்ப்போம்.

ஏரிக்கால்வாய் வரைக்கும் வந்ததும் ஓவர்சீயர் அளவுக் கயிற்றைச் சுருட்டினார்.

"அவ்ளோதாம்மா. இதோட முடிஞ்சுது."

கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான் எங்கள் வீடுகள். கால்வாய்க்கும் வீடுகளுக்கும் நடுவில் இருந்த அத்தனை தூரமும் பள்ளமான களிமண். மழைக்காலத்தில் ரொம்ப மோசமான இடமே அதுதான்.

அண்ணி கூடையை இறக்கி வைத்தாள். "சார், வூடு அங்க கீது. ரோடு இங்க நின்னா இன்னா சார் பண்றது?"

"பிளான்ல கால்வாய் வரைக்கும்தாம்மா இருக்கு. அதுக்கு மேல போட்டா எனக்கு அரிசி குடுக்க வழியில்ல."

"அரிசி குடுக்கலன்னா போட வேணாம்னு எதுனா சட்டம் கீதா?"

அவர் சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சட்டம் ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

மறுநாளிலிருந்து நாங்கள் எங்களுக்காக வேலை செய்தோம். அரிசி கிடையாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு பொழுது, சாயங்காலம் ஒரு பொழுது. சிலர் வரவில்லை. வராதவர்களை அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அவர்கள் வீட்டு வாசலுக்கு நேராக மண்ணைக் கொட்டும்போது கூடையைத் தட்டித் தட்டிச் சத்தமாகக் கொட்டினாள். மூன்றாம் நாள் அவர்களும் வந்துவிட்டார்கள். அண்ணன் தறிக்கூடத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மம்மட்டி எடுப்பான். கால்வாயில் தண்ணீர் போக எங்கேயோ மிச்சமாகக் கிடந்த சிமெண்டுக் குழாய்களை ஓவர்சீயரே டிராக்டரில் ஏற்றி அனுப்பினார்.

கடைசியில் ரோலர் வந்தது. கூட்ரோட்டிலிருந்து உருண்டு உருண்டு கால்வாய்க்கு வந்தது. அங்கே நின்றுவிடும் என்று நினைத்து நாங்கள் ஒதுங்கி நின்றோம். ஓவர்சீயர் டிரைவரிடம் உரக்கச் சொன்னார்: "இங்க எங்கப்பா வண்டியத் திருப்புவ? எடமே இல்ல. நேரா வூடுங்க வரைக்கும் போய்த் திருப்பிக்கினு வா."

திருப்ப இடம் இருந்தது. எல்லாருக்கும் தெரியும். ரோலர் குழாய்களின் மேல் மெதுவாக ஏறி, நாங்கள் போட்ட மண்ணை அழுத்திக்கொண்டு, மாரியம்மன் கோயில் வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பியது. குழந்தைகள் பின்னாலேயே ஓடின. அண்ணி ஓவர்சீயரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் பார்க்காதவர் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெயர் வைத்தது நாங்கள் இல்லை. கூட்ரோட்டு டீக்கடையில் ஊர்க்காரர்கள் வைத்தார்கள், அதுவும் கேலிக்காக. ஒருநாள் அண்ணன் இருண்ட முகத்தோடு வந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்தான், வாங்கி வந்த நாஷ்டாப் பொட்டலத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

"அரிசி ரோடுன்னு சொல்லிக்கினு சிரிக்கிறானுங்க. 'அரிசிக்கு மாரடிச்ச ரோடு போவுது பாரு'ன்றான் டீக்கடக்காரன். பேஜாரா பூட்சி எனக்கு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் உடம்பு கூசியது. நாளைக்கு எந்த முகத்தோடு அந்தக் கடையைத் தாண்டுவது என்று தோன்றியது. அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தாள், கையை எடுக்கவில்லை.

"அரிசிக்குத்தான போட்டோம்? பொய்யா சொல்ட்டான்?"

"கேலி பண்றான்டி."

"பண்ணட்டும். அவன் கடைக்கு முன்னாடி கீற ரோட்ட யாரு போட்டாங்கன்னு கேளு அவன. தெரியாது. நம்ப ரோட்ட யாரு போட்டாங்கன்னு கேளு. ஊரே சொல்லும். பேரே சொல்லுதே."

 அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தான்.

அதற்கடுத்த வாரம் அண்ணியும் நானும் உத்திரமேரூர் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஊர்க்காரர்கள் பாதிப் பேர். கண்டக்டர் அருகில் வந்து, "எங்கம்மா?" என்றார்.

அண்ணி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அரிசி ரோடு ரெண்டு," என்றாள்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்டி ஒரு ஸ்டாப்பே கெடையாதேம்மா."

"கீதுண்ணா. நீ விசில் குடு, நான் காட்றேன்."

பின்சீட்டில் யாரோ சிரித்தார். அது டீக்கடைச் சிரிப்பா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கூட்ரோடு வந்ததும் அண்ணி, "இதான்!" என்றாள். அவர் விசில் ஊதினார். வண்டி நின்றது. கெஞ்சாமல், ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்காமல் அந்த இடத்தில் நாங்கள் இறங்கியது அதுதான் முதல் தடவை. அண்ணி சந்தைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டீக்கடைப் பக்கம் பார்க்காமல், அவசரமே படாமல் நடந்தாள். நானும் அப்படியே நடக்க முயன்றேன்.  நிமிர்ந்துதான் நடந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் பெண்கள் எல்லாரும் அப்படியே டிக்கெட் கேட்டார்கள். கண்டக்டர்கள் மாறினார்கள், ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். கொஞ்ச நாளில் அவர்களே "அரிசி ரோடெல்லாம் முன்னாடி வா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்களின் நிலமும் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் இருந்தது. உரமூட்டை ஏற்றிய டிராக்டர், பால் வண்டி, கரும்பு லாரி எல்லாம் அந்த வழியாகவே வந்தன. தினமும் உபயோகிக்கிற ஒன்றை எத்தனை நாளைக்குக் கேலி செய்ய முடியும்? அந்தப் பெயரில் இருந்த சிரிப்பு எப்போது உதிர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் அது வெறும் பெயராக இருந்தது.

தார் போட்டது அதற்கப்புறம். அப்போதுதான் பலகை வந்தது. மைக் செட்டு, பந்தல், வெளியூரிலிருந்து ஒரு விருந்தாளி. பஞ்சாயத்துத் தலைவர் அந்தப் பெரிய மனிதரின் பெயரைச் சொல்லி, "இச்சாலை இன்று முதல் இப்பெயரால் வழங்கப்படும்" என்று படித்தார். எல்லாரும் கை தட்டினோம். அண்ணியும் தட்டினாள். நான் அவள் காதருகில், "நம்ப பேரு பூட்ச்சே அண்ணி," என்றேன்.

"எங்க பூடும்? பெரிய மனுசன் பேரு, இருந்துட்டுப் போவட்டும். பலகைய யாரு படிக்கப் போறா?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மேடையில் விருந்தாளி, "அடுத்து எங்க போகணும்?" என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டிருந்தார்கள். தலைவரின் பதில் பந்தல் முழுக்கக் கேட்டது: "அரிசி ரோடு முனைல கொடியேத்தம் ஐயா."

பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய சிரிப்பு ஆண்கள் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. தலைவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவரும் சிரித்துவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் என்னைப் பெண் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் தாமலிலிருந்து வந்தார்கள். வேன் கூட்ரோட்டில் நின்றது, டீக்கடையில் வழி கேட்டார்கள். அந்தக் கடைக்காரர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டில் பாய் விரித்து, கேசரி கிளறி, அம்மா பதற்றத்தில் இருந்தாள். நான் உள்ளே இருந்தேன். வாசலில் வந்து நின்ற வேனிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கினார். கனத்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். வாசல்படியிலேயே நின்று கேட்டார்:

"ரோடு போட்ட பொண்ணு யாரும்மா?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் மகள் மண் சுமந்த கதையைச் சொல்ல வேண்டாம் என்று அவள் எங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். பன்னிரண்டாவது படித்ததை மட்டும் சொன்னால் போதும் என்றாள். இப்போது அவள் எதையோ சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தாள். அதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"நான்தான். நான் மட்டும் இல்ல. இவங்கல்லாம் போட்டாங்க," என்று அண்ணியையும் அம்மாவையும் காட்டினேன்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "டீக்கடக்காரரு சொன்னாரு. 'நேரா போங்க, நீங்க பாக்கப் போற பொண்ணு போட்ட ரோடுதான் அது, பள்ளம் மேடு இருக்காது'ன்னாரு." பிறகு அண்ணி கொடுத்த செம்பை வாங்கி ஒரே மடக்கில் தண்ணீர் குடித்தார். "எங்கூரு ஏரிக்கரைய ஒசத்துனப்ப நானும் மண்ணு சொமந்தவதாம்மா. பெரிய ஏரி. எங்க பேர ஒருத்தன் சொன்னதில்ல. உங்களுக்குப் பேராவது கெடச்சிதே."

அவர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை என்று வந்திருந்தவர் இன்னும் வாசலில் நின்றபடி, வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் நன்றாகப் பார்த்தது அப்போதுதான்.