மாஸ்க்குக்கு லீவு

சூளகிரிப் பக்கம் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் முனிலட்சுமி சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. உள்ளே தூசி ஆகாது. தொப்பி, கோட்டு, மாஸ்க் எல்லாம் போட்டால் கண் மட்டும்தான் மிச்சம். அந்த மாஸ்க்கை அவள் கையெடுத்துக் கும்பிடாத குறை. உதட்டைச் சுற்றி வெண்திட்டு அவளுக்கு. அதைப் பார்த்து மூன்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். பஜ்ஜியைத் தீர்த்துவிட்டுத்தான் போனார்கள், மகராசர்கள்!

மாஸ்க்குக்குள் அவளுக்கு வேறொரு முகம் வளர்ந்தது. பனி மூடிய காலையில், கம்பெனி பஸ்ஸிலும் மாஸ்க்கைக் கழற்றாமல் ஜன்னலோரம், அந்த முகத்தோடு எங்கெங்கோ மிதந்து போய்வருவாள். கூடவே சிவராஜும் வருவான். பாகங்கள் ஓடிவரும் பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன். அவன் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே மெல்லிய மீசை ஒன்றை அவளே வரைந்து வைத்திருந்தாள். கேன்டீனில் மட்டும் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள்.

"ஆயுத பூஜைக்கு இந்த வருசமாவது வந்துருங்க. உங்க முகத்த நான் பாத்ததே இல்ல" என்றான் சிவராஜ்.

மூன்று வருஷமும் காய்ச்சல் என்று லீவு போட்டவள் இந்த வருஷத்துக்கும் ஒரு காய்ச்சலைத் தேடினாள். இவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்புறம் எந்தக் கண்ணைப் பார்த்து வேலை செய்வது?

இருந்தும் போனாள். உள்ளே குங்குமம் கூடாதென்று பூஜை வெளியே பந்தலில். கேட்டின் மேல் நாக்கை நீட்டித் தொங்கிய திருஷ்டி முகத்திடம், "உனக்கென்ன, உன்னை யாரும் கழட்டச் சொல்றதில்ல" என்று முணுமுணுத்தாள். பந்தலில் நானூறு பேரும் மாஸ்க் இல்லாமல் அவளுக்குப் புது ஆட்களாக இருந்தார்கள். யார் யாரென்று தெரியாமல் முழித்தாள். மழுங்கச் சவரம் செய்த ஒருவன் அவளை உற்றுப் பார்த்தான். அதே கண்கள்! பார்த்தவன் தாண்டிப் போய்விட்டான்.

அவளுக்கு அழுகை முட்டியது. பையிலிருந்த மாஸ்க்கை எடுத்தபடி கேட்டை நோக்கி விறுவிறுவென நடந்தாள்.

"ஏங்க, ஒரு நிமிசம்." அவனேதான். தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்த மாஸ்க்க கொஞ்சம் போட்டுக்கறீங்களா?"

பாவி! மூடிக்கொள் என்று இவனும் சொல்லிவிட்டானே. மாட்டிக்கொண்டாள்.

"அட, நீங்கதான்! அப்பவே தோணுச்சு. வேற பொண்ணா இருந்து அடி வாங்கிட்டா? அதான் தாண்டிப் போயிட்டேன்" என்று சிரித்தவன் பொரிப் பொட்டலத்தை நீட்டினான். "இப்பக் கழட்டுங்க. போட்டுக்கிட்டு எப்படிச் சாப்பிடுவீங்க?"

கழற்றினாள். அவன் நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக, முனிலட்சுமி சுவரைப் பார்க்காமல் சாப்பிட்டாள்.