பட்டியலைப் படிக்கச் சொன்ன ரஹீம் பாய்

செவ்வாய்க்கிழமை காலை சைதாப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது, எங்கள் லேபில் வேலை செய்யும் குமார் கூப்பிட்டான். "ரஹீம் பாய் பூட்டாருண்ணா. ஹார்ட்டாம்." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். இந்த மனுஷன் உயிரோடு இருந்தபோதும் என்னை இப்படித்தான் படுத்தினார்.

தி. நகரில் எங்கள் ஆல்பம் லேபுக்கு வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். கல்யாணப் படங்களைப் பிரிப்பது, பெயர் மாற்றுவது, பழையதை அழிப்பது எல்லாம் கம்ப்யூட்டருக்கு அவர் எழுதிவைத்த கட்டளைகள், ஸ்கிரிப்டுகள்தான். அவற்றில் நட்சத்திரக் குறி வந்தால் போதும், பாய் நம்மை விடமாட்டார். அந்தக் குறிக்கு 'எது வேண்டுமானாலும்' என்று அர்த்தம். அதனால் அழிக்கும் முன், அதில் எந்தெந்தக் கோப்பு மாட்டுகிறது என்று பட்டியல் எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நானூறு பெயர் இருந்தாலும். "ஸ்டாருக்கு மூஞ்சி தெரியாது நைனா. நீதான் பாக்கணும்" என்பார். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கத்திக்கொண்டிருப்பார்கள்; உள்ளே நாங்கள் ஒப்பித்துக்கொண்டிருப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். 'டெம்ப்' என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் அழிக்க வேண்டும். பட்டியலாவது மண்ணாவது என்று நானே தட்டினேன். 'டெம்ப்'புக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தனியாக நின்ற நட்சத்திரம் அந்த ஃபோல்டரையே வழித்துத் துடைத்தது. ஒரு மயிலாப்பூர் கல்யாணம், மாலை மாற்றியதிலிருந்து பந்தி வரை, காணோம். பாய் வந்தார். திட்டவில்லை. "இன்னா இப்ப? வூட்ல காப்பி கீது" என்று போய் எடுத்துவந்தார். ஏற்றிய கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, "படி" என்றார். இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர்கள். இரண்டு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவருக்குப் பிடித்த இன்னொரு குறி, இரட்டை &. முதல் வேலை ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்தது ஓடும். காப்பி எடுத்தாச்சா, பிறகு அழி. ஸ்கிரிப்டில் அது நல்ல புத்தி. இந்த மனுஷன் தன் உடம்புக்கும் அதையே போட்டுக்கொண்டார். "நெஞ்சு ஒரு மாதிரி புடிக்குது நைனா. இந்த ஆல்பம் முடியட்டும், அப்பால டாக்டரு." முகூர்த்த மாதத்தில் எங்கள் லேபில் எந்த ஆல்பம் நேரத்துக்கு முடிந்திருக்கிறது?

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "உங்ககிட்டயாவது வலிக்குதுன்னு சொன்னாரா தம்பி?"

"இல்ல பாபி" என்றேன்.

அவரை அறிந்து, இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னார். இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நான், "ஆமா பாய், முடிச்சுக் குடுத்துட்டே போங்க" என்றேன். டெலிவரி நெருங்கிவிட்டது என்று எனக்கு அவசரம். அந்த ஆல்பம், இரண்டு படத்தில் நிறம் சரியில்லை என்று போன வாரம் திரும்பி வந்துவிட்டது; இன்னும் முடியவில்லை.

அவருடைய ஸ்கிரிப்டுகள் லேபில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை எல்லோருக்கும் சொந்தம். எனக்கென்று பாய் விட்டுப்போனது அந்த 'இல்ல பாபி'தான். ஞாயிற்றுக்கிழமை போய், அந்தக் கதவுக்கு வெளியே நின்று, ஆமாம் என்று சொல்ல வேண்டும்.