பம்மல் சீலும் ஃபாரின் சீலும்

தொண்ணூறுகளின் நடுவில், பம்மலில் ஆயில் சீல் செய்யும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் குவாலிட்டி செக்கர். இன்ஜினிலிருந்து எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். அப்போது வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்று புறநகரில் ஃபேக்டரி போட்டிருந்தது. அவர்களுடைய ஆர்டர் கிடைக்காவிட்டால் எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று முதலாளி ராமலிங்கம் சொல்லிவிட்டார்.

கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். நம்மூர்க்காரர்தான். ஆனால் எங்கள் சீலைக் கையில்கூட வாங்கவில்லை.

“லோக்கல் பீஸ் பார்த்தாலே தெரியும் சார். ஃபினிஷிங்கே இருக்காது.”

பிரஸ் ஆப்பரேட்டர் தேசிங்கு அண்ணன் என் பக்கம் குனிந்தார். “இன்னாமா, தொட்டுக்கூட பாக்காம பேசிகினு கீறாரு?”

எனக்கும் சுருக்கென்றது. ஒப்பிட்டுப் பார்க்க அவர் கொண்டுவந்த சீல்களையும் எங்களுடையதையும் தனித்தனி டிரேயில் அடுக்குவது என் வேலை. சாம்பிள் என்பதால் எதிலும் முத்திரை கிடையாது. டிரேக்களின் சீட்டுகளை மட்டும் மாற்றி வைத்தேன்.

‘இம்போர்ட்டட்’ டிரேயிலிருந்து ஒன்றை எடுத்து அவர் வெளிச்சத்தில் திருப்பினார். “எட்ஜைப் பாருங்க! இந்த மாதிரி இங்கே வர இன்னும் இருபது வருஷம் ஆகும்.”

“நேத்து சாயந்தரமே வந்துடுச்சு சார். நம்ம தேசிங்கு அண்ணன் போட்டது” என்றேன்.

முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. தேசிங்கு அண்ணன் சிரிப்பை அடக்க பிரஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார். இன்ஜினியர் மட்டும் அசரவில்லை.

“சரிம்மா, என் கண்ணு ஏமாந்துடுச்சு. மெஷின் ஏமாறாது. ரெண்டையும் டெஸ்ட் ரிக்ல போடுங்க.”

சீலை எண்ணெயில் சுழற்றிக் கசிவு பார்க்கும் அந்த மெஷினில் சாயந்தரம் வரை ஓட்டினோம். அவருடைய பத்தும் தாக்குப்பிடித்தன. எங்கள் பத்தில் மூன்று ஒழுகின. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“இத்தனை வருஷத்துல ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லையே!” என்றார் முதலாளி.

“வாங்குறவனுக்கு வேற சீல் கிடைச்சிருந்தா வந்திருக்கும் சார்” என்றார் இன்ஜினியர்.

இன்ஜினியர் போனதும் தேசிங்கு அண்ணன் பிரஸ்ஸிலிருந்து, ரப்பரை வளையமாக வார்க்கும் மோல்டைக் கழற்றி முதலாளி முன்னால் வைத்தார். “மோல்டு தேஞ்சி கீதுன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்? அப்பல்லாம் ‘போற வரைக்கும் போகட்டும்’னீங்க.”

புது மோல்டு வந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். பத்தும் நின்றன. ஆர்டர் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனாலும் யாருக்கும் வேலை போகவில்லை.

நம்ம சரக்கு மட்டம் என்று யாராவது சொன்னாலும் சரி, நம்ம சரக்குதான் உசத்தி என்றாலும் சரி, “டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.