இளைத்த காரும் இளைக்காத காரும்

என் மாமா மஸ்கட்டிலிருந்து எனக்கு ஒரு ரேஸ் கார் கொண்டுவந்தார். உள்ளங்கை நீளம், சிவப்பு நிறம், உள்ளே ஹெல்மெட் போட்ட டிரைவர், குட்டி மோட்டார், எல்லாம் இருந்தது. ஓடுவதற்குத்தான் வழி இல்லை. அந்த வகைக் கார் தரையில் ஓடாது. அதற்கென்று கறுப்புப் பிளாஸ்டிக்கில் தடம் உண்டு. தடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு பள்ளம், பள்ளத்தின் இரண்டு பக்கமும் மின்சாரம் ஓடும் தகடு. காரின் மூக்குக்கு அடியில் இருக்கிற முளையைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, துப்பாக்கி மாதிரி ஒரு விசையைக் கையில் பிடித்து அழுத்தினால் பறக்கும். எங்களிடம் தடமும் இல்லை, விசையும் இல்லை.

அம்மா காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோடு இல்லாத காரு எதுக்குடா?" என்று தன் தம்பியான மாமாவைக் கேட்டாள். உப்பளத்திலிருந்து கால் முழுக்க வெள்ளை பூத்து வந்த அப்பா, "அண்டா இங்க, தண்ணி பக்கத்து ஊர்லயா?" என்றார். நான் தரையில் விழுந்து காலை உதைத்துக்கொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி அழுதேன். சாவு வீட்டில்கூட இப்படி அழமாட்டார்கள் என்று அம்மா அதட்டினாள். அதைக் கேட்டதும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். என் அழுகைக்குப் பயந்துதான் போனார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தடம் கோட்டக்குப்பத்தில் இருந்தது. மஸ்கட்டில் ஏதோ ஒரு கடையை மூடும்போது மூன்று நண்பர்கள் சேர்ந்து அந்த செட்டை வாங்கினார்கள். ஒருவர் என் மாமா. இன்னொருவர் கோட்டக்குப்பத்து பாய். மூன்றாமவர் கிளியனூர்க்காரர். பாய் வீட்டு மாடிக் கூடம் பெரிது என்பதால் தடம் அங்கே போனது. ஆளுக்கொரு கார். லீவுக்கு வரும்போதெல்லாம் மூன்று வீட்டுப் பையன்களும் பாய் வீட்டில் கூடி ஓட்டுவதாக ஏற்பாடு.

அந்த லீவுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். பெட்டிகள் மட்டும் மூன்று வந்தன. வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்து கிளியனூர்க்காரர் இறந்துபோயிருந்தார். அடக்கமும் அங்கேயே முடிந்திருந்தது. தந்தி கொடுக்க வேண்டாம், நாங்களே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறோம் என்று கம்பெனியில் வீரமாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறிய இரண்டு பேரும், ஊர் வந்து ஒரு வாரமாகியும் கிளியனூர் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த வீட்டில் அவரும் இவர்களோடுதான் லீவுக்கு வருவார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். என்றைக்கு என்றுதான் அவர்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் எனக்கு மீசை முளைத்தபின் தெரியவந்த சங்கதி. அப்போது என் காதில் விழுந்தது இவ்வளவுதான். ஒரு சாயங்காலம் பாய் தன் மொபெட்டில் எங்கள் ஊர் மரக்காணத்துக்கு வந்தார். மாமாவும் அவரும் வாசலில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பாய், "புள்ளைங்க ஞாயித்துக்கிழமை ஓட்டட்டும் மாப்ளே. எவன் காரு தோக்குதோ அவன் கிளியனூர் போறான். அதுக்கு மேல பேச்சில்ல," என்றார்.

கிளியனூர் எனக்குத் தெரிந்த ஊர்தான். திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில் இருக்கிறது. பஸ் நிற்கும், டீக்கடை உண்டு. அங்கே போகப் பயந்து இரண்டு மீசைக்காரர்கள் பொம்மைக் காரைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்றால் அங்கே கட்டாயம் பேய் இருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். அவள் என் வாயிலேயே ஒன்று வைத்தாள். ஆக, பேய் உறுதியாகிவிட்டது. மாமாவைப் பேயிடமிருந்து காப்பாற்றும் பொறுப்பு என் ஆள்காட்டி விரலில் வந்து உட்கார்ந்தது.

மாமா காரை இளைக்கவைக்க ஆரம்பித்தார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது அவர் கணக்கு. அடியிலிருந்த திருகாணியைக் கழற்றி, உள்ளே இருந்த சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அட்டைத் துண்டு ஒன்றை வைத்தார். கண்ணாடிகளை எடுத்துவிட்டுச் சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியிலிருந்து மெல்லிசாக வெட்டி ஒட்டினார். "டிரைவருக்கு இடுப்புக்குக் கீழ எதுக்குடா? வெளியிலேர்ந்து பாத்தா தெரியவா போவுது," என்று பிளேடால் அறுத்தார். அறுத்தபின் அந்தக் குட்டிக் கால்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குப்பையில் போடவேண்டியதைப் பையில் போடுகிறாரே என்று நான் சிரித்தேன்.

அடுத்து உப்புத்தாள். காரின் மேல்கூட்டை உட்புறமாகத் தேய்த்தார். காலையில் உட்கார்ந்தால் சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்துவரமாட்டார். லுங்கியெல்லாம் சிவப்புத் தூள். போதும் மாமா என்றால், "இன்னும் கொஞ்சம் இருக்குதுடா," என்பார். வெயிலில் தூக்கிப் பிடித்தால் இறால் ஓடு மாதிரி வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. அதற்குப் பிறகும் தேய்த்தார். அம்மா அவர் பக்கத்தில் வந்து நின்று, "அது கரைஞ்சே போனாலும் ஞாயித்துக்கிழமை தள்ளிப்போவாதுடா," என்றாள். மாமா உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தார்.

இவ்வளவும் சுரண்டிவிட்டு, மீன் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை மீனவர் குப்பத்திலிருந்து வாங்கிவந்து தட்டித் தகடாக்கிக் காரின் அடிவயிற்றில் ஒட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மேல கனமா இருந்தா வளைவுல கவுந்துடும். தலை லேசா இருக்கணும்," என்றவர், என்னைப் பார்த்து, "உனக்கு அந்தக் கவலையில்ல," என்றார். அந்த வாரத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அது.

அலங்காரம் என் இலாகா. முன்விளக்குக்கு சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள். பின்விளக்குக்கு அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு இரண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் நகப்பூச்சால் ஒரு கோடு. இரண்டாவது கோடு போடப் போனபோது, எடை ஏறும் என்று மாமா கையைத் தட்டிவிட்டார்.

அம்மா தன் பங்குக்கு விடுவாளா? மூக்குக்கு அடியில், தடத்திலிருந்து மின்சாரம் வாங்க இரண்டு செம்புக் குஞ்சங்கள் உண்டு. அவை கறுத்திருந்தன. வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்த்த கையோடு, "இத்த இப்படியே எடுத்துட்டுப் போனா பாய் வீட்ல என்ன நெனைப்பாங்க?" என்று புளியும் உப்பும் வைத்துத் தேய்த்துவிட்டாள். மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம், தாராளமாகவே தேய்த்தாள். குஞ்சங்கள் பொன்னாக மின்னின. மாமாவே, "அக்கா கை அக்கா கைதான்," என்றார். காரைப் பழைய பனியனில் சுற்றிவைத்தோம். ஓட்டிப் பார்க்கத் தடம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டு மாடியில் தடம் எட்டுப்போல வளைந்து படுத்திருந்தது. ஓரமாக மூன்றாவது பெட்டி நின்றது. எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும், பிறகு வாய் திறக்கும். கக்கூஸுக்கு ஓடினேன். வந்து பாய் மகனிடம் எங்கள் கார் காற்றிலேயே பறக்கும் என்று பீற்றிக்கொண்டேன். மறுபடி ஓடினேன். இன்றைக்கும் ஆபீஸில் மேலதிகாரி கூப்பிட்டால் இதே வரிசைதான்.

பாய் கையைத் தட்டினார். அவர் மகனின் கார் சீராகக் கிளம்பிப் போனது. எங்கள் கார் ஒரு முழம் போய் விக்கியது. நின்றது. இன்னொரு விக்கல். மாமா பாய்ந்து எடுத்துத் திருப்பினார். குஞ்சம் இரண்டும் பாசி பிடித்த கிணற்றுக் கயிறு மாதிரி பச்சையாக இருந்தன. புளியும் உப்பும் உள்ளே தங்கி இரண்டு நாளில் செம்பை அரித்திருந்தன. மாமா எச்சில் தொட்டு, சட்டை நுனியால் தேய்த்து, காரைத் திரும்ப வைத்தார். "ஓட்டுடா," என்றார்.

விசையை முழுசாக அழுத்தினேன். மின்சாரம் பிடித்துக்கொண்டது. வாக்குக் கொடுத்தபடியே கார் பறந்தது. முதல் வளைவிலேயே தடத்தை விட்டுக் கிளம்பிச் சுவரில் மோதி, இறால் ஓடு இரண்டாகப் பிளந்து, அரை டிரைவர் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனார். பிறகும் நான் விசையை விடவில்லை. கார் இல்லாத தடத்தைப் பார்த்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தேன். மாமாதான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"ஜெயிச்சுட்டோம் அத்தா," என்று குதித்த மகனின் முதுகில் பாய் ஒன்று வைத்தார். ஜெயித்தவனுக்கு அடி, தோற்றவனுக்கு ரோஸ்மில்க். கோட்டக்குப்பத்து நியாயம் புதிதாக இருந்தது. பாய் தடத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும் வர்றேன் மாப்ளே."

"வேணாம். ரெண்டு பேரா போனா தெருமுனையில பாக்கும்போதே தெரிஞ்சுடும்," என்றார் மாமா. "ஒருத்தனா போனா, வாசல் வரைக்குமாவது நல்லா இருப்பாங்க."

பெட்டியை மாமா தூக்கிக்கொண்டார். என்னைத் தனியாக ஊருக்கு அனுப்ப முடியாது என்பதால் நானும் போனேன். பஸ்ஸில் மூன்றாவது கார் என் மடியில் இருந்தது. நீல நிறம், அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காதது. நன்றாகக் கனத்தது. மூடியின் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தேன். டிரைவருக்கு இரண்டு காலும் இருந்தன. இவ்வளவு எடையோடு இது எங்கே ஜெயிக்கப்போகிறது என்று பரிதாபமாக இருந்தது. கண்டக்டர் கிளியனூர் கிளியனூர் என்று கத்தியும் மாமா எழுந்திருக்கவில்லை. நான்தான் பொறுப்பாக அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, ஊர் வந்துவிட்டது என்று சொன்னேன்.

வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் பெட்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். "வாங்கண்ணா. அவரு எங்க, கடையில நிக்கிறாரா?" மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். என்னிடம், "நீ தம்பிகூட வெளிய வெளையாடு," என்று சொல்லிவிட்டு, செருப்பை விட்டு உள்ளே போனார்.

அந்த வீட்டுப் பையன் என்னைவிடச் சின்னவன். காரைப் பெட்டியிலிருந்து எடுத்து சிமெண்டுத் தரையில் வைத்துத் தள்ளினான். அது நகரவில்லை. நான் நிபுணன் அல்லவா? "இது ரொம்பக் கனம். உள்ள இருக்கிற எல்லாத்தையும் எடுத்துடணும். டிரைவருக்குக் காலே தேவையில்ல," என்றேன். அவன் காரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அப்போது உள்ளேயிருந்து அழுகை கிளம்பியது. அது எனக்குப் பழகிய அழுகையாகத்தான் பட்டது. கார் வந்த அன்றைக்கு நானே அப்படி அழுதவன்தானே? இங்கேயும் தடம் இல்லாத காரைத்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்று மாமா இப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும், பாவம்.

"அம்மா ஏன் அழுவுது?" என்று பையன் கேட்டான்.

"தடம் இல்லன்னுதான். அது கோட்டக்குப்பத்துல இருக்குது. எப்ப வேணாலும் போய் ஓட்டிக்கலாம். போய்ச் சொல்லு, நிறுத்திடுவாங்க."

அவன் காரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதைச் சொல்வதற்காக உள்ளே ஓடினான்.