நேரா நில்லுன்னு சொன்னது யாரு?

முதுகெலும்பப் படம் எடுக்கிறது பெரிய வேலையே இல்ல, ஆள நிக்க வைக்கிறதுதான் வேலை.

பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு எக்ஸ்ரே சென்டர்ல பதினெட்டு வருஷமா எனக்கு இதான் பொழப்பு. முதுகு வளைஞ்ச பிள்ளைங்க, பெரியவங்க எல்லாம் வருவாங்க. ஒரு மெஷினுக்குள்ள நிக்க வச்சு முன்னாலயும் பக்கவாட்டுலயும் ஒரே நேரத்துல படம் எடுப்போம். கம்ப்யூட்டர் ரெண்டையும் சேர்த்து, முதுகெலும்ப சுத்திப் பாக்கிற மாதிரி காட்டும். வளைவு எத்தனை டிகிரின்னு நாங்க அளந்து குடுக்கணும். ஸ்கூல் அசெம்ப்ளியில ‘நேரா நில்லு’ன்னு முதுகுல தட்டு வாங்கினவரா நீங்க? அப்ப நீங்களும் நம்ம ஆளுதான், கேளுங்க.

எந்த முதுகு?

ஒரே படத்த ரெண்டு பேரு தனித்தனியா அளக்கணும், ஒருத்தர் நம்பர இன்னொருத்தர் பாக்கக் கூடாது. அது எங்க வழக்கம். எனக்கு ஜோடி பாலன். காப்பார்லேருந்து வந்த ஒரு அங்கிளுக்கு நான் நாப்பத்தொண்ணு போட்டேன், பாலன் நாப்பத்தி மூணு போட்டான். படத்துல அளவுக் கோட்ட எங்க வைக்கிறோமோ அதப் பொறுத்து ரெண்டு மூணு டிகிரி மாறும், அது சகஜம்னு விளக்கமா சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு அவர் சொன்னது:

“சரி லா மிஸ். ஆளுக்கொரு நம்பர் சொல்றீங்க. நான் எந்த முதுகத் தூக்கிட்டு வீட்டுக்குப் போறது?”

சாப்பாட்டுக்கு அப்புறம்

அதுக்காவது ரெண்டு பேரு. ஒரு நாள் காலையில அளந்த படத்தையே மறந்துபோய் மத்தியானமும் அளந்தேன். மூணு டிகிரி வித்தியாசம். எனக்கே வெக்கமாப் போச்சு. பாலன் எட்டிப் பாத்தான்.

“காலையில அளந்தது நீங்க. இப்ப அளந்தது நீங்க சாப்பிட்ட நாசி லெமாக், அக்கா.”

ஏழு டிகிரி

இதச் சொல்லும்போது மட்டும் எனக்கு சிரிப்பு வராது. தர்ஷினி, பதினாலு வயசு, ஸ்கூல் நெட்பால் டீம்ல இருக்கா. அவளும் அம்மாவும் பந்திங்லேருந்து பஸ் ஏறி வருவாங்க. முதுகு மேல வளையாம இருக்க, இடுப்புலேருந்து அக்குள் வரைக்கும் பெல்ட் போட்டிருந்தா. வளைவு ஏறினா ஆபரேஷன்னு டாக்டர் முன்னாலயே சொல்லியிருந்தாரு. முதல் படம் நான் எடுத்தேன். ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது படம் பாலன் எடுத்தான். ஏழு டிகிரி கூடியிருந்துச்சு. நாங்க மாத்தி மாத்தி அளந்தும் ஏழு குறையல. ஆபரேஷனுக்குத் தேதி பாக்கச் சொல்லிட்டாரு டாக்டர். அவ அம்மா வெளிய பெஞ்சுல உக்காந்து, தண்ணி பாட்டில் மூடியத் திறக்கிறதும் மூடுறதுமா இருந்தாங்க.

ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். என் படத்துல அந்தப் பிள்ளை தாடையத் தூக்கி, தோள இறுக்கி, தேசிய கீதம் நெகாராக்கூ பாடுற மாதிரி விறைச்சு நிக்குது. பாலன் படத்துல சாதாரணமா நிக்குது. ஏம்மா அன்னைக்கு அப்படி நின்னேன்னு கேட்டேன்.

“நீங்கதானே அக்கா நேரா நில்லுன்னு சொன்னீங்க. இந்த அண்ணன் சும்மா நில்லுன்னு சொன்னாரு.”

சும்மா நில்லு

இயல்பா நிக்க விடணும்னு செவுத்துலயே ஒட்டியிருக்கு. பழக்க தோஷத்துல நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு, அந்தப் பிள்ளை மூச்சப் பிடிச்சு வளைவ மறைச்சிருக்கு. நேரா டாக்டர்கிட்ட போயி, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். முதல் படத்த நம்ப முடியாதுன்னு அவர் அத ஒதுக்கிட்டாரு. நாலு மாசம் பொறுத்து, பாலன் எடுத்த மாதிரியே சும்மா நிக்க வச்சு எடுங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்னாரு. அந்த நாலு மாசமும் எனக்கு மனசே சரியில்ல.

தர்ஷினி திரும்ப வந்தா. “பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நில்லும்மா”ன்னேன். பாலன் தனியா அளந்தான், நான் தனியா அளந்தேன். அவன் படத்துக்கும் இதுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். ஏறல. ஆபரேஷன் இப்ப வேணாம், பெல்ட்டே போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தப் பிள்ளை அங்கேயே நெட்பால் எறியிற மாதிரி கையத் தூக்குச்சு. நான் அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க.

“விடுங்க மிஸ். நீங்க ஒரு தடவதான் சொன்னீங்க. நான் வீட்டுல தினம் சொல்லித் திட்டியிருக்கேன்.”

பதினெட்டு வருஷமா ஊரையே நேரா நிக்கச் சொன்ன எனக்கு, இப்ப ‘சும்மா நில்லுங்க’ன்னு சொல்லத்தான் சம்பளம்.