டொக்டர் கருணைநாதனின் திருத்தக் கடிதம்

டொக்டர் கருணைநாதன் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்ற இடத்தில், நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியதைக் குறித்திருந்தேன். அழ வேண்டிய நேரத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. ஏன் என்று, அவருடைய இந்த நினைவு மலரில், அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன்.

தீவுப் பகுதிக் கிணறுகளின் உவர்ப்பையும் சிறுநீரக நோயையும் தொடர்புபடுத்திய கட்டுரை அது. கேள்விகளை எழுதியவர் அவர். வீடு வீடாகப் போனவள், அந்தத் தீவிலேயே பிறந்த நான். "நீர் புளியங்கூடல் ஆள், உம்மைக் கண்டால் நாயும் குரைக்காது" என்று பகிடி விடுவார். ஒவ்வொரு வீட்டு வளவுக் கிணற்றிலும் தண்ணீர் அள்ளி, போத்தலில் வீட்டு இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். கட்டுரை வெளிவந்ததும் எங்கெங்கோ இருந்தெல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். அவருடைய மற்றக் கட்டுரைகளை ஒருவரும் சீந்தவில்லை.

சில வருடங்களின் பின் அவரை ஊரில் என் மாமி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "உங்கட கிணறு உப்பெண்டு எழுதினம், தேத்தண்ணி நல்லாயிருக்கே" என்றார். மாமி சிரித்தார்.

"அந்தச் சவர்த் தண்ணியை ஆர் டொக்டர் குடிக்கிறது? அது குளிக்க, மாட்டுக்கு வைக்க. குடிக்கிறதுக்குக் கோயில் கிணத்திலதான் ஊரே அள்ளுறது. இவளுக்கும் தெரியுமே."

ஓம், எனக்குத் தெரியும். அந்தக் கிணற்றிலிருந்து குடம் சுமந்து வளர்ந்தவள் நான். அவர் பட்டணத்துக்காரர், அவருக்குத் தெரிய நியாயமில்லை. படிவத்தில் வீட்டுக் கிணறு என்றிருந்தது, நானும் வீட்டுக் கிணற்றில் அள்ளினேன். ஒருவரும் குடிக்காத தண்ணீரில் நோயைத் தேடியிருந்தோம். நான் குடம் சுமந்த கதையெல்லாம் ஆய்வுக்கு எதற்கு என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

திரும்பும் வழியில், மண்டைதீவு தாண்டும்போது, "கேள்வியை எழுதினது நான், பிழையும் என்ர. நீர் பயப்பிடாதையும்" என்றார். அடுத்த கிழமையே, கட்டுரை பிழை என்று சஞ்சிகைக்கு எழுதி, தான் கையொப்பமிட்ட திருத்தக் கடிதத்தை என்னிடம் தந்தார். சஞ்சிகை இருவரின் கையொப்பத்தையும் கேட்டது. "இப்ப ஏலாது சேர், என்ர வேலை நிரந்தரமாகட்டும்" என்றேன். அதற்குப் பிறகு வேறொரு சாட்டு, பிறகு இன்னொன்று. அவர் ஒருநாளும் அதட்டவில்லை. கடைசியாகக் கண்டபோது மட்டும், "எங்களை நம்பித்தானே மற்ற ஆக்கள் அதை எடுத்து எழுதுகினம். எனக்கு நித்திரை வருகுதில்லை" என்றார்.

செத்தவீட்டில் பேசியவர் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் புகழ்ந்தார். அது பிழை என்று சொல்ல அங்கே உயிரோடு இருந்தது நான் ஒருத்திதான். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

என்னை எனக்குத் தெரியும். கடிதத்தில் கையொப்பமிட்டாலும் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். அதனால்தான் இதை முதலில் அச்சுக்குக் கொடுக்கிறேன். நீங்கள் வாசித்த பிறகு எனக்குத் தப்ப வழியில்லை.

அவருடைய நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார் மகள். புத்தகங்கள் இருந்தன, பேனைகள் இருந்தன. நான் ஒன்றையும் தொடவில்லை. அவர் தன் தலையில் போட்டுக்கொண்ட பழியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் இருந்த என் பொருள் அது ஒன்றுதான்.