படுத்தவனுக்குத்தான் பழம்

பெத்தணன் அண்ணன் சாத்துக்குடியை எடுத்ததும் முதலில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். பிறகு காம்புப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். மூக்கருகே கொண்டுபோவார். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார். சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்கிற சீனிச்சாமி, இவர் தலை தெரிந்ததுமே ஆப்பிளின் மேல் சாக்கை இழுத்து மூடிவிடுவார். "அம்புட்டையும் தடவாதீக, வெள்ளி ஒட்டுது" என்று கத்துவார். ஒட்டத்தான் செய்யும். அண்ணன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். என்னதான் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அலுமினியப் பொடி கை ரேகைக்குள் மினுங்கிக்கொண்டேயிருக்கும்.

இத்தனை ஆராய்ச்சி செய்து வாங்குகிற பழத்தில் ஒரு சுளைகூட அவர் வாய்க்குள் போனதில்லை. எல்லாம் ஆஸ்பத்திரிக்கு. தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும், யார் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாலும், பழப் பையோடு முதலில் போய் நிற்கிற ஆள் இவர்தான். கட்டில் பக்கத்தில் பையை வைத்துவிட்டு, "நல்லாச் சாப்பிட்டு எந்திரிங்க" என்பார். அதிகம் பேசமாட்டார். நோயாளியின் சொந்தக்காரர்களே அசந்துபோகிற அளவுக்குப் பழம் நன்றாக இருக்கும். "நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்கண்ணே" என்று யாராவது நீட்டினால், பாம்பைக் கண்டவர் மாதிரி பின்னால் நகர்ந்துவிடுவார்.

"நடமாடுறவனுக்கு எதுக்குத் தம்பி பழம்? அது படுத்தவனுக்குத்தான்." இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது. நான் அவருக்குப் பக்கத்து வீடு. காலண்டர் அடிக்கிற அச்சகம் ஒன்றில் வேலை. அன்னாசி, திராட்சை, ஆப்பிள் எல்லாம் வழிகிற பழக்கூடைப் படம் போட்ட காலண்டர் ஒன்றை ஜாடையாக அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, நடுக்கூடத்தில் ஆணியடித்து மாட்டினார். "பாக்க நல்லா குளுகுளுன்னு இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, கருவாட்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்தார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் தெருவே அப்படித்தான். ஒரு சாயங்காலம் அரைக் கிலோ ஆப்பிளைக் கண்ணாடிப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். குழாயடியில் நின்ற பெண்கள் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எந்தக் கம்பெனில வெடிச்சுச்சு?" என்று கேட்டாள். யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. சும்மா சாப்பிடத்தான் வாங்கினேன் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவும் இல்லை. அதிலிருந்து நான் பழம் வாங்கினால் துணிப்பையில்தான் கொண்டுவருகிறேன்.

சரி, பழம்தான் வேண்டாம், காயாவது சாப்பிடுகிறாரா என்று பார்த்தால் அது அதற்கு மேல். சாம்பார்ச் சோறு பிசைந்தால் உள்ளே இருக்கிற காயையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரப்புக் கட்டிவிடுவார். ஒவ்வொரு காயின் மீதும் ஒரு புகார் இருக்கும். கத்திரிக்காய் அரிக்கும். பூசணிக்காய் சளி பிடிக்கும். சுரைக்காய் வெறும் தண்ணீர். வெண்டைக்காய் வழவழ. கீரை ஆட்டுக்கு. முட்டைக்கோஸ் என்பதை ஒரு காய் என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. வாழைப்பழம் மட்டும் கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் வைத்தால் எடுத்துக்கொள்வார், அதையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து யாருக்காவது கொடுத்துவிடுவார். சம்பளத்தன்று விருதுநகர் வரைக்கும் போய் எண்ணெய்ப் புரோட்டா தின்றுவிட்டு வருவதற்கு மட்டும் அலுப்பே கிடையாது. கேட்டால், "சால்னால வெங்காயம் தக்காளி எல்லாம் கெடக்குல்ல?" என்பார்.

அவருடைய மனைவி நாகஜோதி மதினி செய்யாத தந்திரம் இல்லை. கேரட்டைத் துருவித் தோசை மாவில் கலந்தார். பீர்க்கங்காயைச் சட்னிக்குள் அரைத்து ஒளித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. "மருந்தைச் சலிச்சுச் சலிச்சே பழகுன கை தம்பி. தோசையைப் பிச்ச ஒடனே விரல்ல தடவியே கண்டுபுடிச்சிடுறாக. இந்த மனுசனுக்கு ஆக்கிப் போடுறதுக்குப் பேசாம நானும் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருவேன்" என்று என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொள்வார்.

போன வருஷம் ஒருநாள் பின்மண்டை வலிக்கிறது என்றார். நான்தான் சிவகாசிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனார். மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார், ஊறுகாய், கருவாடு பக்கமே போகக்கூடாது என்றார். "காய் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் கொஞ்சமும் தயங்காமல், "தெனமும் மூணு காய் சாப்பிடுறேன்ம்மா" என்றார்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "பரவாயில்லையே, பெரும்பாலும் யாரும் சாப்பிடுறதில்ல. அப்படியே தினம் ஒரு பழமும் சேர்த்துக்கங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை மிதித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரைப் பிடித்துக்கொண்டேன். என்னண்ணே மூன்று காய், எங்கே, எப்போது?

"காலைல தேங்கா சட்னி. மத்தியானம் மாங்கா ஊறுகா. கஞ்சிக்குக் கடிச்சுக்கிட ஒரு மொளகா. மூணு ஆச்சா?" விரலை மடக்கிக் காட்டினார். "ஊறுகாயைத் தனியாச் சேத்தா நாலு வரும். நான் கொறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்."

எனக்கு பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. அது பொய் சொல்கிற முகமும் இல்லை, கேலி செய்கிற முகமும் இல்லை. தமிழில் எது 'காய்' என்று முடிந்தாலும் அது அவருக்குக் காய்தான். மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். அது சின்னது, யாருக்கும் தெரியாமல் விழுங்கலாம். மூன்று காய்களையும் அவர் கைவிடவில்லை. பிரஷரும் இறங்கவில்லை.

ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். பழம் உங்களுக்கு என்னண்ணே பாவம் செய்தது? "மதுரைல தீக்காய வார்டுக்குள்ள போயிருக்கீகளா தம்பி? வாடை தாங்காதுன்னு சாத்துக்குடித் தோலை உரிச்சுக் கட்டில் தலைமாட்டுல போட்டு வெச்சிருப்பாக. என் கூட வேலை பாத்தவுக எத்தனை பேரை அங்கன பாத்திருக்கேன். அதை எப்படித் தம்பி வாயில வைக்க?" என்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் எழுந்து, "சரி, கருவாடு தீந்துபோச்சு, கடைக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்பிவிட்டார். இந்த மனிதர் தனக்காக நம்மை முழுசாக வருத்தப்படக்கூட விடமாட்டார்.

தீபாவளி சீசன் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சமயம். வெயில் ஏறினால் ஆபத்து என்று மருந்தை விடியற்காலையிலேயே கலந்துவிடுவார்கள். கலந்ததைத் தட்டில் எடுத்துக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே பெண்கள் வெடிக்குள் அதை அடைப்பார்கள். தட்டு கீழே விழக்கூடாது, எதிலும் இடிக்கக்கூடாது, உரசக்கூடாது. ஒருநாள் காலையில் அண்ணன் பாதித் தூரத்தில் நின்றுவிட்டார். பிறகு மெதுவாகக் குனிந்து தட்டை மணலில் வைத்தார். வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாராம். பிரஷர் இறங்கியதாக டாக்டர் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் மருந்து ரூம் பக்கமே வரக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்த அண்ணன், "சும்மா கெறக்கம். கேட்டு டூட்டி போட்டிருக்காக, நல்ல ரெஸ்ட்டு" என்று மட்டும் சொன்னார். மதினியும் நானும் நம்பிவிட்டோம்.

சாயங்காலம் சோலையம்மாள் வந்தாள். எங்கள் தெருக்காரி, அந்தப் பக்கத்து ஷெட்டில் மருந்து அடைக்கிறவள். நடந்தது முழுவதும் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மதினி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரோ சவ்வரிசி வடாம் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காரும்மா, காப்பி போடச் சொல்றேன்" என்றார் அண்ணன்.

"காப்பி குடிக்க வரலண்ணே" என்றாள் சோலையம்மாள். நின்றபடியேதான் பேசினாள். "நீங்க தட்டை எறக்கி வெக்கிற வரைக்கும் நாங்க அம்புட்டுப் பேரும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தோம். ஓடவும் முடியல, கத்தவும் முடியல. கத்துனா நீங்க பதறிருவீகன்னு வாயைப் பொத்திக்கிட்டு நின்னோம். டாக்டரு சொன்னதைத் திங்க மாட்டேங்கிறீகன்னு மதினி பைப்படில பொலம்பும்போது நான்கூடச் சிரிச்சிருக்கேன். இனிச் சிரிக்க மாட்டேன். நீங்க விழுந்தா ஒத்தையா விழ மாட்டீக. எங்க எல்லாரையும் பாக்க வாரதுக்குப் பழம் வாங்கணும்னா, அந்த சீனிச்சாமி வண்டி பத்தாதுண்ணே."

அண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. டிவியை அணைக்கவும் இல்லை. அவள் போன பிறகு மதினி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரைக்காய்ப் பொரியல் வைத்தார். அதை அவர் வழக்கம்போல ஓரத்தில் ஒதுக்கி வரப்புக் கட்டினார். மதினி தட்டைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கழுவினார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே அவர் திட்டுகிறதும் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் கேட்டது. இத்தனைக்குப் பிறகும் திருந்தாதவரிடம் இனிமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். மதினி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். நான் மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கீழே அவர் வீட்டுப் புழக்கடையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், அண்ணன் சுவரைப் பார்த்துக் குத்தவைத்திருந்தார். மடியில் ஒரு மாதுளம்பழம். வாங்கியது எப்போது என்று தெரியவில்லை. அவசரமாகத் தின்ன முடியாத பழம் அது. இவரோ முத்துக்களைப் பிடி பிடியாக உதிர்த்து, கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கி வாயில் கொட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் தோள் குலுங்கியது. ஓங்கரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினார். ஒரு முத்தைக்கூடத் துப்பவில்லை.

முடிந்ததும் தோலைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைக் கூடையைப் பார்த்தார். தெருவையும் பார்த்தார். பிறகு கரண்டியால் சுவரோரம் குழி பறித்தார். தோலையெல்லாம் உள்ளே போட்டார், மண்ணைத் தள்ளினார், அதன் மேல் ஏறி நின்று இரண்டு காலாலும் மிதித்தார்.